நான் பாஸ் போட்ட இரண்டு அடுக்குகள்

மண் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஈரப்பதம் அளப்பது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அது புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். ஈர மண்ணை டப்பாவில் போட்டு எடை போடு, ஓவனில் ஒரு நாள் வை, எடுத்து ஆறவிட்டு மறுபடி எடை போடு, எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார். அவ்வளவுதான். இதற்காகவா மூன்று வருஷம் டிப்ளமோ படித்தோம் என்று போன வாரம் உங்கள் கேன்டீனில் இரண்டு பேர் அலுத்துக்கொண்டதைக் கேட்டேன். ஓய்வு பெற்றவளுக்குக் காது மந்தமாக இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள் போல.

நானும் அப்படித்தான் அலுத்துக்கொண்டேன். பதினைந்து வருஷம் அலுப்போடும் சுத்தமாகவும் அந்த வேலையைச் செய்தேன். சுத்தமாகச் செய்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. தப்புத் தப்பாகச் செய்கிறவன் ஒரு நாள் மாட்டிக்கொள்வான். சுத்தமாகச் செய்கிறவளுக்கு யானைக்கு அடி சறுக்குவது மாதிரி ஒரே ஒரு தரம் சறுக்கும், அடியும் பலமாக விழும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வாக்கியத்தை மந்திரம் மாதிரி வைத்திருந்தார். "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தும், கான்ட்ராக்டர் கண்டிப்பா ஏமாத்துவான். ஓவன் ஏமாத்தாது." நல்ல மனிதர். அவர் காலத்தில் அவர் கைக்கு வந்த மண்ணுக்கெல்லாம் அந்த வாக்கியம் சரியாகவே இருந்தது. மரக்காணத்துக்கு அவர் வந்ததில்லை.

சுனாமி வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மரக்காணத்தில் உப்பளங்களுக்கும் அதற்கு மேற்கே இருக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே ஒரு மண்கரை உண்டு. கழுவெளி என்கிற உப்பங்கழியின் தண்ணீர் வயலுக்குள் வராமல் தடுப்பது அதுதான். சுனாமி அன்று அந்தக் கரையில் அறுபது மீட்டர் காணாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் ஏறும்போதெல்லாம் அந்த உடைப்பு வழியாக உப்புத் தண்ணீர் வயலுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் உடைப்பை அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு மண் சோதனை செய்து பாஸ், ஃபெயில் சொல்கிறவள் நான். மரக்காணம் கடைத்தெருவில் ஒரு வாடகை வீட்டைச் சோதனைக்கூடமாக்கி இருந்தார்கள். கூடத்தில் தராசு, சமையலறையில் ஓவன். கிளியனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, எட்டரைக்கெல்லாம் பூட்டைத் திறந்துவிடுவேன்.

கான்ட்ராக்டர் பெயர் ஏழுமலை, அனுமந்தைக்காரர். அதுவரை அடுத்தவர்களிடம் மேஸ்திரியாக இருந்தவர், சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை இது. மண் சுமந்து கொட்டிப் பரப்பிய பெண்களில் ஒருத்தி தனலட்சுமி. நாற்பது வயது இருக்கும். சீசனில் உப்பளத்தில் உப்பு வாருவாள், மற்ற நாளில் இப்படிக் கூலிக்குப் போவாள். கரைக்கு இந்தப் பக்கம் முதல் வயல் அவளுடையது, ஒரு ஏக்கர். சுனாமித் தண்ணீர் நின்ற நிலம். சித்திரையில் பெய்த கோடை மழையை நம்பி விதைத்த கம்பு ஒரு சாண் வளர்ந்து கருகிவிட்டது. இப்போது மேட்டில் இருந்த தங்கச்சி நிலத்தில் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தாள். உடைப்பு அடைபட்டால் மழைத் தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு போகும், நடலாம். இல்லாவிட்டால் நாற்றை மாட்டுக்குப் போட வேண்டியதுதான். அந்த வருஷம் விட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போவதாக அவள் வீட்டுக்காரர் முடிவு செய்திருந்தார்.

"தீபாவளிக்குள்ள நட்டுடணும் மேடம். நாத்து முத்திச்சுன்னா ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்று நான் போகும்போதெல்லாம் சொல்வாள். தன் நிலத்தைத் தானே கூலிக்குக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கரை போடுவது இட்லி மாவு பதம் மாதிரி. மண்ணைச் சாண் கனத்துக்குப் பரப்பி, ரோலர் ஓட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கு, மொத்தம் ஆறு. மண்ணில் ஈரம் அதிகமானால் ரோலருக்கடியில் நெளியும். குறைந்தால் மண்ணும் மண்ணும் ஒட்டாது. இந்த வேலைக்குப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் குறையாமல் பதினாறுக்கு மேல் போகாமல் ஈரம் இருக்க வேண்டும் என்று நானே சோதித்து எழுதிக் கொடுத்திருந்தேன். கரைக்குக் கொண்டுவருவதாக இருந்த ஏரி மண்ணை வைத்துச் சோதித்தது அது.

முதல் அடுக்கிலேயே பதினெட்டு வந்தது. ஃபெயில். ஏழுமலை டிராக்டரை விட்டு அடுக்கைக் கிளறி, இரண்டு நாள் காயப்போட்டு, மறுபடி ரோலர் ஓட்டினார். பதினெட்டரை. ஃபெயில். மூன்றாம் முறை பதினேழு. அதுவும் ஃபெயில். ஒன்பது நாள் போய்விட்டது. மனிதர் என் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"மேடம், வந்து பாருங்க. மண்ணு பொரி மாதிரி காஞ்சி கெடக்குது. இதுல இன்னாத்த ஈரம்?"

"ஓவன் பொய் சொல்லாதுங்க."

"நான் மட்டும் பொய் சொல்றேனா?"

போய்ப் பார்த்தேன். ரோலருக்குப் பின்னால் புழுதி கிளம்பியது. கண்ணால் பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பதினேழு சதவீதம் ஈரம் உள்ள மண்ணில் புழுதி எப்படிக் கிளம்பும் என்று கேட்க வேண்டியது என் வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மேல் தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டேன். "இன்னும் காயப்போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சண்டைக்காரி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு அந்தப் பெயருக்கு வஞ்சகம் செய்யவில்லை.

காயப்போட்டார். பதினைந்து வந்தது, பாஸ். அடுத்த அடுக்கைப் பரப்பும்போதே நன்றாகக் காயவிட்டிருந்தார். பதினான்கு, பாஸ். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "பாத்தீங்களா, சொன்னா கேக்கணும்" என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்போது ஆயுத பூஜை வந்தது.

நம் கூடங்களில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையிலேயே ஓவனை அணைத்து, உள்ளே இருக்கும் தட்டையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடியில் சாமந்திச் சரம் மாட்டிவிட்டால் மறுநாள் வரைக்கும் அதைத் தொடக் கூடாது. நான் மாலையை மாட்டி முடித்துவிட்டு, தராசுக்குப் பொட்டு வைக்கக் குங்குமத்தில் விரலைத் தொட்டிருக்கிறேன், ஏழுமலை ஒரு பையில் மண்ணோடு நிற்கிறார். மூன்றாவது அடுக்குக்குக் கொண்டுவந்து கொட்டியிருந்த மண்.

"இன்னிக்கு ஆயுத பூஜைங்க. எதுவும் ஓடாது" என்றேன்.

"மேடம், என் ரோலருக்கும்தான் பூஜை. மழை நமக்காவ பூஜை கொண்டாடினு குந்தினு இருக்குமா?"

நியாயம்தான். தராசுக்கு இன்னும் பொட்டு வைக்கவில்லை. ஈர மண்ணை எடை போட்டுக் குறித்துக்கொண்டேன். ஓவனைத் தொட மனசு வரவில்லை. மொட்டை மாடியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பி வெயிலில் வைத்தேன். அன்றைக்கு நல்ல வெயில். சாயங்காலம் வரை நாலைந்து தரம் கிளறிவிட்டு, டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வெயில் ஓவனாகாது, மறுநாள் ஓவனில் வைத்து மீதி ஈரத்தையும் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலையாக அந்த மண்ணை எடை போட்டேன். வெயிலில் பத்து சதவீதம் போயிருந்தது. பிறகு ஓவனில் வைத்தேன். அதற்கு மறுநாள் எடுத்து எடை போட்டால், இன்னும் நாலு சதவீதம் போயிருந்தது.

ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, விரலிடுக்கில் மாவாக உதிர்ந்த மண். அதில் மிஞ்சிப் போனால் ஒரு சதவீதம் ஈரம் இருக்கலாம். நாலு எங்கே இருந்தது? தராசைச் சந்தேகப்பட்டு எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மறுபடி டப்பாவைத் திறந்து, இந்த முறை எண்ணைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தேன்.

தாம்பாளத்தில் பரப்பியபோது அந்த மண்ணில் கண்ணாடித் துணுக்குகள் மாதிரி சின்னச் சின்னதாக மின்னியது எனக்கு ஞாபகம் இருந்தது. உப்பள மண், உப்பு மின்னுகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது மின்னல் இல்லை. அந்தத் துணுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று சாக்பீஸ் துண்டாக மாறியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பொடியானது. தாம்பாளத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய துணுக்கு ஒன்றைக் கழுவி நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. உப்பு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கரைக்குப் போனேன். ஏழுமலை டீ குடிக்கப் போயிருந்தார். தனலட்சுமி அதைப் பார்த்த வேகத்தில் சொல்லிவிட்டாள்.

"இது உப்பு வெளையறதுக்கு முன்னாடி பாத்தில படியற கல்லு மேடம். ஜிப்சம். எங்க மொதலாளி லாரிக்காரனுக்கு வித்துடுவாரு."

"இது எப்படிம்மா ஏரி மண்ணுல வந்துது?"

"ஏரி மண்ணா? யாரு சொன்னது? லாரி சேத்துல எறங்கி ஏறவே முடியல. அதான் தோ, அந்தப் பாழாக் கெடக்குற உப்புப் பாத்திலேந்து வாரினு வர்றோம். இன்ஜினியரு சார்தான் சரின்னாரு."

சரி என்று சொன்னவர் எனக்குச் சொல்லவில்லை. ஏழுமலையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நிறம் ஒன்றுபோல இருந்தது, பையின் மேல் "கரை மண்" என்று எழுதியிருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கூடத்துக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். அந்த ஒன்றரைப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், பதினைந்து வருஷமாக நான் தாண்டித் தாண்டிப் போன ஒரு குறிப்பு இருந்தது. ஜிப்சம் உள்ள மண்ணை வழக்கமான சூட்டில் காயவைக்காதே, அறுபதிலிருந்து எண்பது டிகிரிக்குள் வை. ஏனென்றால் ஜிப்சம் என்கிற கல்லுக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டு இருக்கிறது. அது ஈரம் இல்லை, கல்லின் உடம்பு. நம் ஓவனின் நூற்றுப்பத்து டிகிரிச் சூட்டில் அந்தத் தண்ணீரும் ஆவியாகி வெளியேறிவிடும். ஓவன் தண்ணீரை அளப்பதில்லை, பிள்ளைகளே. எடை எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் காட்டுகிறது. குறைந்ததெல்லாம் ஈரம் என்று சொல்வது நாம்.

நாற்காலியில் உட்கார்ந்து பழைய நோட்டை எடுத்து ஒவ்வொரு முடிவிலிருந்தும் நாலைக் கழித்தேன். பதினெட்டு என்றது பதினான்கு. பதினெட்டரை பதினாலரை. பதினேழு பதின்மூன்று. நான் ஃபெயில் போட்ட மூன்று தடவையும் மண் அருமையான பதத்தில் இருந்திருக்கிறது. பாஸ் போட்ட பதினைந்து பதினொன்று, பதினான்கு பத்து. நல்ல அடுக்கை மூன்று முறை பிரிக்க வைத்து, ஒட்டாத புழுதியை இரண்டு அடுக்காகப் போடவைத்து, அதற்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

இந்த இடத்தில்தான் உங்களை நிற்கச் சொல்கிறேன். இதுவரை நடந்தது அறியாமல் நடந்த தப்பு. எல்லோருக்கும் நடக்கும். இனிமேல் செய்வது தெரிந்து செய்வது. அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த அடுக்கிலிருந்து சத்தமில்லாமல் சூட்டைக் குறைத்து வைத்தால் முடிவெல்லாம் சரியாகிவிடும். கீழே இருக்கிற இரண்டு அடுக்கை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அது என்னோடு உட்கார்ந்திருந்தது.

கரை வேலையை மேற்பார்த்த இன்ஜினியரிடம் போனேன். கெட்டவர் இல்லை, அவசரத்தில் இருந்தவர். கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், பாஸ் பண்ணது பண்ணதாவே இருக்கட்டும். காஞ்சி இருந்தா இன்னா இப்போ? மழை பேஞ்சா தானா நனைஞ்சிடப் போவுது."

"நனைஞ்சா அமுங்கும் சார். மேல நாலு அடுக்கு ஏறின பொறவு அடியில அமுங்கினா கரை நடுவுல பொளந்துடும்."

"அதை ரிப்போர்ட்டா எழுதினா, தப்பு உங்க மேலதான் வரும். யோசிச்சிக்குங்க."

"மண்ணு மாத்தினத எனக்குச் சொல்லாதது நீங்க சார். கேக்காம கையெழுத்து போட்டது நானு. ரெண்டையும் எழுதிடறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஆறு அடுக்குக் கரையில் இரண்டு புழுதி அடுக்கை மறைக்க முடியாது. மழை கண்டுபிடித்துவிடும். அவர் முன்னாலேயே எழுதினேன். இன்ன தேதி, இன்ன தேதியில் நான் கொடுத்த ஐந்து முடிவுகளும் தவறு, காரணம் இது.

ஏழுமலையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. காகிதத்தில் எழுதுவது சுலபம், ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே. அவரையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, பாஸ் போட்ட அடுக்கில் கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொன்னேன். ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நன்றாக இறுகிய அடுக்கில் தண்ணீர் கிண்ணத்தில் நிற்பது போல நிற்கும். இதில் குபுகுபுவென்று குமிழி விட்டு உள்ளே போனது, குழியின் சுவர் சரிந்து விழுந்து குழியே மூடிக்கொண்டது.

"இது என் தப்பு. நீங்க மொதல்ல போட்டதுதான் சரியா இருந்துது. இந்த ரெண்டையும் எடுத்துட்டு மறுபடி போடணும்" என்றேன்.

ஏழுமலைக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னா மேடம் வெளயாடுறீங்களா? நல்லா இருந்தத பிரின்னீங்க, பிரிச்சேன். ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி. காயப்போடுன்னீங்க, போட்டேன். சொன்னா கேக்கணும்னு வேற சொன்னீங்க. இப்போ நீங்க சரின்ன அடுக்கையும் பிரிக்கணுமா? வானத்த பாத்தீங்களா?"

பார்த்தேன். கடல் பக்கம் இருண்டுகொண்டு வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். அதுவும் நம் வேலையில் சேர்ந்ததுதான், எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள்.

தனலட்சுமி திட்டவில்லை. சரிந்து மூடிய குழியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "பிரிச்சிப் போட எத்தினி நாளு ஆவும்?" என்று கேட்டாள்.

"பிரிக்க ஒரு நாள். அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு. மழை வுட்டா."

"ஒவ்வொரு அடுக்குக்கும் நீங்க ஒரு நாளு அடுப்புல வெச்சிப் பாக்கணுமே? அதுக்குள்ள எங்க நாத்து கெழவி ஆயிடும்."

சரியான கேள்வி அதுதான். குறைந்த சூட்டில் காயவைத்தால் ஒரு நாள்கூடப் போதாது. ஆறு அடுக்குக்கு அப்படிப் பார்த்தால் தீபாவளி தாண்டிவிடும். என் குருநாதர் மூட்டை கட்டிப் போட்டிருந்த ஒரு கருவி என் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. சொம்பு அளவு இரும்புக் குடுவை. அதில் மண்ணையும் கார்பைடு பொடியையும் போட்டு இறுக மூடிக் குலுக்கினால், மண்ணின் ஈரம் பொடியில் பட்டு வாயு கிளம்பும். அடியில் இருக்கும் முள் அந்த அழுத்தத்தைப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று காட்டும். கல்லுக்குள் கட்டுண்ட தண்ணீரை அது தொடாது. பத்து நிமிஷ வேலை. "பொம்மை" என்று அவர் ஒதுக்கியதால் நானும் ஒதுக்கியிருந்தேன். இரண்டு நாள் அதை வெயில் தாம்பாளத்தோடும், சூட்டைக் குறைத்த ஓவனோடும் ஒப்பிட்டேன். மூன்றும் அரை சதவீதத்துக்குள் ஒத்துப்போயின. மூன்று பேர் ஒரே சாட்சி சொன்ன பிறகுதான் அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

பிறகு நான் கூடத்தில் உட்காரவில்லை. கரையிலேயே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். புழுதி மண்ணுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். அனுமந்தையிலிருந்து டேங்கரில் வந்தது. பெண்கள் மண்வெட்டியால் புரட்டப் புரட்ட, ஏழுமலை தண்ணீர் தெளித்தார். நான் ஐந்து இடத்தில் மண் எடுத்துக் குலுக்கி "பதினொன்னு, இன்னும் தெளிங்க", "பதினாலு, ரோலர வுடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பாத்தி மண்ணுக்கு ஈர எல்லையை மறுபடி சோதித்தேன், பெரிய மாற்றமில்லை. ஜிப்சம் தண்ணீரில் மெல்லக் கரையக் கூடியது என்பதால், தண்ணீர் படுகிற பக்கத்துக்கு ஏரிக் களிமண்தான் போட வேண்டும் என்று இன்ஜினியர் தீர்மானித்தார். எப்படியோ சேற்றில் பலகை போட்டு லாரியை இறக்கினார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இரண்டு முறை மழை வந்து வேலையைக் கெடுத்தது. முதல் முறை தார்ப்பாய் போட்டு அடுக்கைக் காப்பாற்றினோம். இரண்டாம் முறை பாதி அடுக்கு குழைந்துவிட்டது. இந்த முறை பிரிக்கச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஏழுமலையும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் என்னோடு பேசவும் இல்லை. எண்ணைச் சொன்னால் தலையாட்டுவார். டீ வாங்கி வரச்சொல்லி எல்லோருக்கும் கொடுப்பார், என்னுடையதை மட்டும் தனலட்சுமி கையில் கொடுத்தனுப்புவார். பன்னிரண்டு நாள் அப்படி. எனக்கு அது வலித்தது. சண்டைக்காரிக்கும் வலிக்கும்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஆறாவது அடுக்கு முடிந்தது. அன்று சாயங்காலமே பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பஸ் ஓடவில்லை. கிளியனூரில் வீட்டுக்குள் உட்கார்ந்து கூரைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

நாலாம் நாள் முதல் பஸ் பிடித்துப் போனேன். மழை தூறலாகக் குறைந்திருந்தது. கழுவெளி கரையின் முக்கால் உயரம் வரை ஏறி நின்றது. குடையைப் பிடித்துக்கொண்டு கரை மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு இடம் அமுங்கவில்லை. அந்தக் கோடியில் ஏழுமலை கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். அவரும் அதைத்தான் பார்க்க வந்திருந்தார்.

கீழே வயலில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. தனலட்சுமியும் இன்னும் ஐந்தாறு பெண்களும் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து, ஒரு கை சேற்றை அள்ளித் தூக்கிக் காட்டினாள்.

"மேடம், எங்க மண்ணு ஈரம் பதமா இருக்குதா? இல்ல இதையும் பிரிக்கணுமா?"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"பாஸ்!" என்று கத்தினேன்.

அத்தனை நாளாகப் பேசாத ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன் மேடம். எழுதிக் குடுங்க."

குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நோட்டைத் திறந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தேன். என் வேலைக்காலம் முழுவதிலும் சோதிக்காமல் நான் பாஸ் போட்ட மண் அது ஒன்றுதான்.